‘எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு மாத்திரை?’ என்கிறார் அப்பா

கேள்வி:

டாக்டர், என் அப்பாவுக்கு 59 வயது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். போன வருஷம் ஊரில் நடந்த முகாமில் வெறும் வயிற்றில் பார்த்தபோது சுகர் 182 இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம், இரண்டு மூன்று மாதத்துச் சராசரிச் சர்க்கரையைச் சொல்கிற ஹெச்பிஏ1சி 8.4 என்றார்கள். மெட்ஃபார்மின் இரண்டு வேளையும் கிளிமிபிரைடு காலையில் ஒன்றும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 112க்கு வந்துவிட்டது. உடனே ‘சுகர் போயிடுச்சு’ என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான்கு மாதம் ஆகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தரும் மாத்திரையை வாங்கி கல்லாப்பெட்டிக்குக் கீழே இழுப்பறையில் போட்டு வைக்கிறார். காலையில் ஆவாரம்பூ டீ, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்ட காபி, ராத்திரி சோறு கிடையாது, ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும். மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறார். பெரியப்பாவுக்கு இன்சுலின் போட ஆரம்பித்த மூன்றாம் மாதமே காலை எடுத்தார்கள், அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வாயை அடைக்கிறார். ‘தாகம் இல்லை, மயக்கம் இல்லை, வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறேன், எனக்கென்ன?’ என்று கேட்கிறார். டெஸ்ட்டுக்குப் போகச் சொன்னால் முந்தின ராத்திரி பட்டினி கிடந்துவிட்டுப் போகிறார். எனக்கு 36 வயது, பள்ளிக்கூட டீச்சர். எனக்கு இரண்டாவது பிரசவத்தின்போது மட்டும் சுகர் இருந்தது, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது. அம்மா இதுவரை பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

சகோதரி, அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சு இரண்டு நிமிடம்கூட நீடிக்காது. அவருக்கு நிறையத் தெரியும். தன்னுடைய எண் தெரியும், மாத்திரையின் பெயர் தெரியும், அண்ணனுக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார், போதாததற்கு மளிகைக்கடை, வருகிறவர் போகிறவர் எல்லாரும் நின்று சுகர் கதை சொல்லிவிட்டுப் போகிற இடம். அவர் பார்த்தது எதுவும் பொய் இல்லை. பார்த்ததை எந்த வரிசையில் அடுக்கினார் என்பதில்தான் சிக்கல்.

சர்க்கரை நோய் கண்ணுக்குத் தெரியாது. மருந்து தெரியும். நோய் பத்து வருஷம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது, ஒருநாள் மருந்து உள்ளே வரும், கொஞ்ச நாளில் ஏதாவது கெடும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பழியை மருந்தின் மேல் போடுவார்கள். பெரியப்பா விஷயத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவருடைய கோப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வழக்கமாக நடப்பது இதுதான்: வருஷக்கணக்கில் கட்டுப்பாடில்லாத சர்க்கரை, அதனால் பாதத்தில் உணர்வு குறைந்துபோகிறது, காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்குகிறது, ஏதோ ஒரு செருப்புக் கடியோ முள்ளோ புண்ணாகி, வலிக்காததால் கவனிக்காமல் விட்டு, கிருமி ஏறி, சர்க்கரை 400, 500 என்று எகிறி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அந்த நிலையில் எந்த மருத்துவரும் இன்சுலின்தான் போடுவார், புண் ஆறவேண்டும் என்றால் சர்க்கரை சீக்கிரம் இறங்க வேண்டும். சிலருக்குக் கால் பிழைக்கிறது, சிலருக்குப் பிழைப்பதில்லை. குடும்பத்தின் கண்ணுக்குப் பட்டது கடைசி இரண்டு காட்சி மட்டும், ஊசியும் அறுவை சிகிச்சையும். மழை பெய்ததற்குக் குடையைக் குற்றம் சொல்வது போன்ற கணக்கு இது, ஆனால் சொந்த அண்ணனின் காலைப் பறிகொடுத்த மனுஷனிடம் இப்படிச் சொல்லிவிடாதீர்கள், என்னிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கிட்னி கதையும் இதே வார்ப்புதான். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற மருந்து. அதனால் சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகி, அதன் வடிகட்டும் திறனைச் சொல்கிற இ.ஜி.எஃப்.ஆர் எண் குறைந்துபோனால் அளவைக் குறைப்போம், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். ‘கிட்னி போச்சு, டாக்டரே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார்’ என்று ஒருவர் கடையில் நின்று சொன்னால் கேட்பவர் என்ன முடிவுக்கு வருவார்? மெட்ஃபார்மினில் உண்மையான தொல்லைகள் உண்டு, அவற்றை மறைக்க வேண்டாம். ஆரம்பத்தில் வயிறு கலக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும், சாப்பாட்டோடு போட்டால் குறையும், வருஷக்கணக்கில் எடுக்கிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றதை நம்புவார்.

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. சென்னையில் 26,001 பேரிடம் கேட்டு 2005ல் வெளியான க்யூர்ஸ் ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோய் என்று ஒன்று இருப்பது தெரியும் என்றவர்கள் 75.5 சதவீதம், அதாவது சென்னை மாதிரி ஊரிலேயே நாலில் ஒருவருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. என்னை உறுத்துவது அது இல்லை. ஏற்கெனவே சர்க்கரை இருப்பது தெரிந்தவர்களிலேயே, இது உடம்பின் மற்ற இடங்களைப் பாதிக்கும் என்று அறிந்திருந்தவர்கள் 40.6 சதவீதம்தான். உடல் பருமனும் உடலுழைப்பு இல்லாததும் இதற்கு வழிவிடும் என்று சொன்னவர்கள் மொத்தப் பேரில் 11.9 சதவீதம். இருபது வருஷம் ஓடிவிட்டது, இன்றைக்குக் கேட்டால் பெயர் தெரியாதவர்கள் ரொம்பக் குறைவாகத்தான் இருப்பார்கள், யூடியூபைத் திறந்தால் இதே பேச்சுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2020ல் எடுத்த ஸ்டெப்ஸ் என்கிற தொற்றாநோய்க் கணக்கெடுப்பைப் பாருங்கள், சர்க்கரை உள்ளவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம். அப்புறம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது, மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல திட்டம். வீடு வரைக்கும் வந்த மாத்திரையை வாய்க்குள் கொண்டுபோவது அரசு கையில் இல்லை.

சரி, ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்பதற்கு வருவோம், ஏனென்றால் அவருடைய வாதத்தில் ரொம்ப பலமான இடம் அதுதான். அடிக்கடி ஒன்றுக்குப் போவது, தாகம், உடம்பு இளைப்பது, இதெல்லாம் சர்க்கரையின் அறிகுறி என்று எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. அந்தப் பாடத்தில் விட்டுப்போன ஒரு சின்ன விவரம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் விடும். அப்படி விடும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் அடிக்கடி போவது, அதனால்தான் தாகம். வெறும் வயிற்றில் 126 இருந்தாலே சர்க்கரை நோய் என்கிறோம். 126க்கும் 180க்கும் நடுவில் ஒருவர் வருஷக்கணக்கில் ஓட்டலாம், ஒரு சொட்டுத் தாகம் கூடுதலாக இருக்காது. வயதானால் இந்த 180 என்கிற எல்லை இன்னும் மேலே போவதும் உண்டு. அந்தக் காலத்தில் சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தார்கள், எறும்பு வருகிற அளவுக்கு முற்றிய பிறகு தெரிந்து என்ன பயன்? விழித்திரையில் ரத்தக் கசிவு ஆரம்பித்தாலும் பார்வை நன்றாகவே இருக்கும், சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் கசிந்தாலும் வலிக்காது. ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சொல்வது நூறு சதவீதம் உண்மையாக இருக்கும், அப்படியும் உள்ளே நடப்பது நடந்துகொண்டிருக்கும்.

பழனிக்கு நடந்தே போகிறவர் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நடை தை மாதத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், சரக்கு எடுத்துக் கொடுக்கப் பையன் இருக்கிறான், இல்லையா? தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உறிஞ்சும், இன்சுலினுக்கு நன்றாக வசப்படும், அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள் தங்கும், அப்புறம் போய்விடும். தைப்பூசத்து நடை சித்திரை வரை கைகொடுக்காது. தினமும் கடையைத் திறக்கும் முன் அரைமணி நேரம், ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் தெருவில் நடந்தாலே அவருக்கு நிறைய மாறும். ஆள் ஒல்லி என்றோ குண்டு என்றோ நீங்கள் எழுதவில்லை, ஒல்லியாக இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளி இருப்பது நம் ஊரில் சாதாரணம், சர்க்கரைக்கு அந்த வயிற்றுக் கொழுப்பே போதும். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லையைக் கீழே வைத்திருப்பதே அதனால்தான்.

இப்போது ‘போயிடுச்சு’ என்பது. இதை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். சர்க்கரை நோய் தணிந்து மருந்தில்லாமல் இருக்கிற நிலை ஒன்று உண்மையிலேயே உண்டு. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகாத, எடை கூடுதலாக இருந்தவர்களைக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே வந்தார்கள், 15 கிலோ அல்லது அதற்கு மேல் எடை இழந்தவர்களில் 86 சதவீதம் பேர். எனவே மாத்திரை ஆரம்பித்தால் சாகும்வரை விட முடியாது என்று பயமுறுத்துகிறவர்களும் முழு உண்மை சொல்வதில்லை. ஆனால் ‘தணிந்துவிட்டது’ என்று சொல்ல ஒரு விதி இருக்கிறது: மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்து எடுக்கிற ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருக்க வேண்டும். அப்பா நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. அவர் சொல்வது சரியா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. சண்டை போடாமல் இதை ஒரு பந்தயமாகவே வையுங்கள்: ‘அப்பா, 6.5க்குக் கீழே வந்தால் நான் இனிமேல் மாத்திரைப் பேச்சே எடுக்க மாட்டேன், டாக்டரிடமும் நானே சொல்கிறேன். மேலே இருந்தால் நீங்கள் டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும்.’ எட்டு, ஒன்பது என்று வரத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. 112 வந்தது மாத்திரை உள்ளே இருந்தபோது, அதை மறந்துவிடக்கூடாது.

முந்தின ராத்திரி பட்டினி கிடக்கிற தந்திரம் இந்தச் சோதனையில் செல்லாது. இது சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது, அந்த அணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன, எனவே கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி அதில் பதிந்திருக்கும், ஒரு ராத்திரிப் பட்டினியால் அது அசையாது. நிறையப் பேர் இந்தப் பட்டினி வேலையைச் செய்கிறார்கள், சிலர் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் விட்ட மாத்திரையை எல்லாம் மொத்தமாகப் போட்டுக்கொண்டு வருவார்கள். பரீட்சைக்குப் போகிற நினைப்பு. நீங்கள் டீச்சர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடுமையான ரத்தசோகை இருந்தால் மட்டும் ஹெச்பிஏ1சி கணக்குத் தப்பும், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது வீட்டில் செய்யவேண்டியது, என் அனுபவத்தில் எந்தச் சொற்பொழிவையும்விட இதற்குத்தான் பலன் அதிகம். ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். நோய் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதானே பிரச்சினை, தெரிய வையுங்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்ப்பது பலருடைய வழக்கம், அதனால் பெரிதாக ஒன்றும் புரியாது. சாப்பாட்டில் முதல் வாய் வைப்பதற்கு முன் ஒரு தடவை, அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, இப்படி ஜோடியாகப் பாருங்கள். முதல் ராத்திரி அவர் இஷ்டம், ஐந்து சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. அடுத்த ராத்திரி இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ பயறோ, நிறைய அவரைக்காய்ப் பொரியல். மூன்றாவது ராத்திரி சோறே போடுங்கள், ஒரு கப் மட்டும், கூடவே கீரைக் கூட்டு, இரண்டு முட்டை. மூன்று ராத்திரியின் எண்ணையும் அவரே தன் கையால் கணக்கு நோட்டில் எழுதட்டும். கடைக்காரர் எழுதிய கணக்கைக் கடைக்காரர் நம்பாமல் போக மாட்டார்.

ஒரு எச்சரிக்கை, இது மளிகைக்கடைக்காரர்களுக்கென்றே சொல்வது. வெல்லமும் சர்க்கரையும் நிறுத்துப் போட்ட கையைக் கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு ரத்தத்தில் கலந்து மீட்டர் 300 காட்டும், அப்புறம் ‘இந்த மிஷினே டுபாக்கூர்’ என்று தூக்கிப் போட்டுவிடுவார். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும், நட்டநடுவில் குத்தினால் வலி அதிகம். ஆய்வக எண்ணுக்கும் மீட்டர் எண்ணுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம், அதை ஒரு குறையாகப் பேசவேண்டியதில்லை. நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தைத்தான்.

சப்பாத்தி சோற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும், நார்ச்சத்தும் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் 15 முதல் 20 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். ஐந்து சப்பாத்தி ஏறக்குறைய இரண்டு கப் சோற்றுக்குச் சமம், குருமாவில் இருக்கும் உருளைக்கிழங்கைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சோற்றை விட்டுவிட்டேன்’ என்று தியாகம் செய்த திருப்தி மட்டும் மிச்சம். கருப்பட்டி அதைவிட ஏமாற்று. இரும்புச்சத்து இருக்கிறது, தாது இருக்கிறது என்பார்கள், ஒரு காபிக்குப் போடுகிற துண்டில் அதெல்லாம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றுக்கும் இதே பதில். கேழ்வரகும் அப்படித்தான், மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் சீக்கிரம் ஏறிவிடும். நம்பாவிட்டால் மீட்டர் இருக்கிறது, காபிக்கு முன்னும் பின்னும் பார்க்கட்டும், கருப்பட்டி போட்ட காபிக்கு ஒருநாள், எதுவும் போடாததற்கு ஒருநாள்.

ஆவாரம்பூவை நான் எதிர்க்கப்போவதில்லை. சர்க்கரை போடாத ஆவாரம்பூ டீ குடிப்பதில் அவருக்கு நிம்மதி கிடைக்கிறது என்றால் குடிக்கட்டும், கருப்பட்டிக் காபிக்குப் பதிலாகக் குடித்தால் இன்னும் நல்லது. விலங்குகளில் செய்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு 8.4ஐ அது இறக்கிவிடும் என்று சொல்ல முடியாது, மாத்திரையின் இடத்தில் அதை வைக்க முடியாது. வெந்தயம், பாகற்காய் எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடட்டும். நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வது, பெயர் ஊர் இல்லாமல் பொட்டலத்தில் வருகிற ‘சுகர் பொடி’களை. அலோபதி மாத்திரையையே பொடித்து அவற்றில் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. ‘மூலிகையில் ரெண்டே நாளில் இறங்கிடுச்சு’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும்.

இழுப்பறையில் சேர்ந்திருக்கிற மாத்திரையை நாளைக்கே எடுத்துப் போடச் சொல்லிவிடாதீர்கள். முக்கியமாகக் கிளிமிபிரைடை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து, போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலோ விட்டாலோ சர்க்கரை 70க்குக் கீழே தாழ்ந்துவிடும். டெஸ்ட்டுக்காகப் பட்டினி கிடக்கிறவர், கடையில் கூட்டம் என்று மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவர், இவர்களுக்கு அது பொருந்துமா, எவ்வளவு பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும், அவரிடம் இந்தப் பழக்கங்களை மறைக்காமல் சொல்லுங்கள். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால்மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் பழனி. போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னையும் அந்த இழுப்பறையில் போட்டுவிடுவார். போவதற்கு முன் பாதத்தைச் சோதித்துவிட்டுப் போகட்டும். மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை இருக்கிறது, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும், கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் பல இடங்களில் அதை வைத்து அழுத்தி, ‘தெரிகிறதா’ என்று கேட்போம். நன்றாக நடமாடுகிறவர்கள், காலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள், நான் பெருவிரலுக்கடியில் அழுத்திவிட்டு எடுத்த பிறகும் ‘இன்னும் வைக்கலையா டாக்டர்?’ என்று கேட்பதுண்டு. அந்த இடத்தில் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இருபது நிமிடம் பேசியும் நகராதவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் நகர்ந்திருக்கிறார்கள். உணர்வு குறைந்த பாதத்தோடு நடுப்பகல் தார் ரோட்டில் வெறுங்காலில் நடந்தால் கொப்புளம் வந்தது சாயங்காலம் தங்குகிற இடத்தில்தான் தெரியும், அதுவும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொன்னால்.

உணர்வு நன்றாக இருந்தாலும், காலுறையும் பழகிய ஷூவும் போட்டுக்கொண்டு நடக்கட்டும், புது ஷூவை யாத்திரையில் முதல்முறை போடக்கூடாது. செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டுதல் என்றால், குறைந்தது வெயில் ஏறிய பிறகு நடக்காமல் அதிகாலையிலும் இரவிலும் நடக்கட்டும், முருகன் நேரக் கணக்குப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு நாளும் நடை முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்து, செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்கக்கூடாது. மாத்திரை திரும்ப ஆரம்பித்திருந்தால் நடக்கிற நாட்களில் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், நாள் முழுக்க நடக்கும்போது சர்க்கரை நன்றாக இறங்கும், அதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

இனி உங்கள் விஷயம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அப்பாவைவிட அந்த வரிதான் அவசரமாகப் படுகிறது. கர்ப்பகாலத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தை பிறந்து ஆறு வாரம் வாக்கில் ஒரு பரிசோதனை, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரை பார்ப்பது நன்றாகவே நடக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடு யார் ஆய்வகத்துக்குப் போவது என்று அங்கேதான் நூல் அறுந்துவிடுகிறது. நீங்களும் அதற்கப்புறம் பார்க்கவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன்.

சென்னையில் உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது, ரத்தமே எடுக்காமல் போடுகிற கணக்கு. 35 முதல் 49 வயது வரை என்றால் 20 மதிப்பெண். பெண்ணுக்கு இடுப்பு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, 90ஐத் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30, இரண்டில் ஒன்று இருந்தால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. 60 வந்தாலே ஆபத்து அதிகம் என்று அர்த்தம். அளவு நாடாவை எடுத்து இடுப்பை அளந்து போட்டுப் பாருங்கள், இடுப்பு 80ஐத் தாண்டியிருந்தால் உங்கள் கணக்கு அறுபதுக்குக் குறையாது. இந்தக் கணக்கில் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இடமே இல்லை, அது தனி. பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. 2006ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் சர்க்கரை நோயின் எல்லையில் நிற்கிறவர்கள் 531 பேரை எடுத்துப் பார்த்தார்கள், சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம் நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. அப்பாவுக்கு நான் சொன்ன ராத்திரிச் சாப்பாட்டை வீட்டில் எல்லாரும் சாப்பிடலாம், தனிச் சமையல் தேவையில்லை.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் சேர்ந்து ஆய்வகத்துக்குப் போங்கள், அப்பாவை மட்டும் இழுத்துக்கொண்டு போனால் விசாரணைக்குக் கூட்டிப்போவது போல இருக்கும். அவருக்கு ஹெச்பிஏ1சி, கிட்னிக்காகக் கிரியாட்டினின், கொழுப்பு, சிறுநீரில் ஆல்புமின். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அன்று மாலைவரை பார்வை மங்கலாக இருக்கும், கல்லாவில் உட்கார முடியாது. அம்மாவுக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும். உங்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது: வெறும் வயிற்றில் 126, குடித்த பிறகு 200, இதில் ஒன்றைத் தொட்டாலும் மருத்துவரைப் பாருங்கள், குடித்த பிறகு 140 முதல் 199 வரை என்றால் எல்லையில் நிற்கிறீர்கள். முந்தின ராத்திரி மூவரும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், அப்பாவின் தட்டை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். குளுக்கோஸ் தண்ணீர் சிலருக்குக் குமட்டும், அரை எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள், ஆய்வகத்தில் கேட்டுவிட்டுப் பிழிந்துகொள்ளலாம்.